படித்ததாகக் குறிக்கப்பட்டவை

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்
6 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று பதில் வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாதா கோவில் தமிழ் மடற்குழுவை டிசம்பர் கடைசியோடு மூடிவிட்டு, எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விடலாம் என்று பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். 2003 முதல் இன்றுவரை வந்த மெயில்கள் அத்தனையையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி கோவில் இணையப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். சர்வர் என்னுடையது என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. முடித்தும் விட்டேன். நாற்பத்தோராயிரம் மெயில். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த மெயிலில் இருக்கிறது என்று மெஷினே ஒரு பெரிய பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளும்; அதுதான் இண்டெக்ஸ். 'ரத்தம்' என்று அடித்தால், யார் யாருக்கு எப்போது எந்த வகை ரத்தம் தேவைப்பட்டது என்று அரை விநாடியில் வந்து நிற்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். குழுவுக்கு வரும் எதுவும் நீங்கள் சரி என்று அழுத்திய பிறகே அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் போகிறது. அந்த வேலையை டிசம்பர் வரை செய்யுங்கள். ஆனால் ஃபோல்டர் வேலையை நிறுத்துங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு மெயிலாகத் திறந்து, படித்து, ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுகிறீர்கள் என்பது சர்வரில் தெரிகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர் இருக்கிறது அக்கா. 'புலம்பல்' என்று ஒன்று, 'மறுபடியும் புலம்பல்' என்று இன்னொன்று. இதை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்தால் போதும், தேடல் பார்த்துக்கொள்ளும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் ஒரு விதி எழுதி வைத்தேன். குழுவிலிருந்து எனக்கு வருவதெல்லாம் தானாகவே ஒரு மூலைக்குப் போய், படித்ததாகவும் குறிக்கப்பட்டுவிடும். என் கண்ணிலேயே படாது. பதின்மூன்று வருஷமாக ஒரு மெயில்கூடப் படித்ததில்லை, எதையும் இழந்ததும் இல்லை.

சூசைநாதன்


பிடோக்
8 அக்டோபர் 2025

சூசை,

ஒன்பது வருஷம் கழித்து அக்கா என்ற சொல் வந்திருக்கிறது, அதுவும் ஃபோல்டரை எடு என்று சொல்வதற்கு. மகிழ்ச்சி.

2016-லும் இதே வார்த்தைதான். ஞாபகமிருக்கிறதா? புது சர்வருக்கு மாற்றுகிறேன் அக்கா, ஒரு மடல்கூடத் தொலையாது என்றாய். தொலையவில்லைதான். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, ஃபோல்டர் எல்லாம் பழங்காலத்து வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதில் 'பிலவேந்திரன்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. என் வீட்டுக்காரர் பாடற்குழுத் தலைவராக இருந்த பதினொரு வருஷமும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் குழுவுக்கு எழுதிய மடல்கள், முன்னூற்றுப் பதினொன்று. அவர் போனதிலிருந்து கல்லறைத் திருநாள் அன்று கல்லறைக்குப் போய் வந்து, அவற்றை முதலிலிருந்து கடைசிவரை படிப்பேன். 2016 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நீ மாற்றினாய். மறுநாள் வந்து உட்கார்ந்தேன், ஃபோல்டர் இல்லை. உனக்குப் போன் செய்தேன். நீ ஆபீஸில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே, "மச்சான் பேரைப் போட்டுத் தேடுங்கக்கா, வந்துடும்" என்று வைத்துவிட்டாய்.

நான் ஏன் கையால் அடுக்குகிறேன் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். போன மார்ச்சில் துவாஸ் விடுதியிலிருந்து அருளப்பன் என்ற ஒரு தொழிலாளி எழுதியிருந்தார். வாடகைக்கு அறை கிடைக்குமா என்பதுதான் மடல். மூன்றாவது வரியில், விரல் நசுங்கியதை மேலதிகாரியிடம் சொல்லவில்லை, வீங்கிவிட்டது, அதனால் மேல்தட்டுப் படுக்கையில் ஏற முடியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். உன் இண்டெக்ஸ் அதை 'அறை'யில் வைத்திருக்கும். நான் 'உடனே' என்ற ஃபோல்டரில் வைத்தேன், அரை மணி நேரத்தில் அவருக்குப் போன் செய்தேன். விரல் பிழைத்தது. படிக்கிறவளுக்குத்தான் எது எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

உன் மெஷின் நன்றாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தாயா? ரத்தம், சோறு என்றெல்லாம் எதற்கு? உன் பெயரையே போட்டுத் தேடு. எல்லோரும் முதலில் தங்கள் பெயரைத்தானே தேடுவார்கள்.

அல்போன்சம்மாள்


9 அக்டோபர் 2025

அக்கா,

தேடினேன். 27 நவம்பர் 2016. அனுப்பியவர் ஈவா. என் மகள் ஈவா.

ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். நான்கு தடவை படித்துவிட்டேன். இங்கே தமிழில் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல, எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும்போல இருக்கிறது.

'இந்தக் குழுவில் இருக்கிற பெரியவர்களுக்கு வணக்கம். என் அப்பா சூசைநாதன் உங்கள் பங்கைச் சேர்ந்தவர். அவருடைய போன் நம்பரும் வீடும் மாறிவிட்டன, அம்மாவிடம் புதிய விவரம் இல்லை. கோவில் இணையப் பக்கத்தில் இந்த முகவரி மட்டும்தான் கிடைத்தது. டிசம்பர் மூன்றாம் தேதி பெர்த்திலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் சாங்கி விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் இருப்பேன். காலை ஒன்பதிலிருந்து இரண்டாம் முனையத்தின் வருகைக் கூடத்தில் நிற்பேன். எனக்குப் பதினேழு வயது, அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகலாம், மஞ்சள் சட்டை போட்டிருப்பேன். அப்பா வந்தால் போதும், எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.'

அனுமதித்தவர் அல்போன்சம்மாள், காலை 6.12. போய்ச் சேர்ந்தவர்கள் அறுநூற்று நாற்பது பேர். அதில் நானும் ஒருவன். என் பெயருக்கு நேரே படித்ததாகக் குறித்திருக்கிறது.

அனிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெர்த்துக்குப் போனபோது ஈவாவுக்கு எட்டு வயது. நான் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் திரும்பி வந்தன. சரி, மகளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டவன் நான். அவள் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறாள்.

எலைஜா இருக்கிறாரே, பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவர், அவர் அந்த டிசம்பரில் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து, "உனக்கெல்லாம் எப்படி லா மனசு வந்துச்சு?" என்று கேட்டார். கோவில் விருந்துக்கு வராததைச் சொல்கிறார் என்று நினைத்து, வேலை இருந்துச்சு என்றேன். அவர் என்னோடு அப்புறம் பேசவே இல்லை. யாருமே பேசவில்லை. மணமுறிவு ஆனவன் என்று ஒதுக்குகிறார்கள் என்று கோபப்பட்டு நான்தான் இந்தப் பக்கம் வேறு கோவிலுக்குப் போக ஆரம்பித்தேன்.

நான் குழு மெயில் படிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம் அது. ஏன் அக்கா ஒரு போன் செய்யவில்லை?

சூசை


பிடோக்
11 அக்டோபர் 2025

சூசை,

போன் செய்திருக்கலாம். எண் இருந்தது. கையில் எடுத்தும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மடல் வந்தது. உன் குவியலில் என் வீட்டுக்காரரைத் தேடித் தேடிக் கண் வீங்கிப்போன இருபத்தைந்தாம் நாள். அவர் பெயரைப் போட்டால் நூற்றுச் சொச்சம்தான் வருகிறது. பாதி நாள் அவர் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, என் கணக்கிலிருந்துதான் எழுதுவார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அவர் கீழே பெயர் போடுகிற வழக்கமும் இல்லை. பதினோராயிரம் மடல்களில் என் பெயர் இருக்கிறது, அதில் எது அவர் குரல் என்று உன் மெஷினுக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் இரண்டாம் தடவை கேட்டதற்கு, "எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, உங்களுக்குத் தேடத் தெரியல" என்றாய். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதே வாரத்தில்தான் உன் மகள் மடல் வந்தது. விதிப்படி அனுமதித்தேன், விதிப்படி உனக்கும் வந்து சேர்ந்தது. எல்லாம் அதற்குள்தான் இருந்தது.

மூன்றாம் தேதி நான் சாங்கிக்குப் போனேன். அவள் நின்ற இடத்துக்கு எதிரே காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். மனத்துக்குள் நீ வந்துவிடுவாய் என்ற எண்ணமும் இருந்தது, வரக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது, இரண்டில் எது பெரியது என்று இப்போது பொய் சொல்ல விரும்பவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் எனக்கே தாங்கவில்லை, போய், நான் உன் அத்தை என்று சொன்னேன். சாப்பிட வைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அத்தை, அப்பாவுக்கு மெயில் போச்சா?"

"போச்சும்மா" என்றேன்.

அது உண்மை. நீ படிக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் உன்னை மன்னித்திருப்பாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அல்போன்சம்மாள்


12 அக்டோபர் 2025

அக்கா,

நேற்றிரவே பதில் எழுதி அழித்துவிட்டேன். அதில் இருந்ததெல்லாம் வசவு.

நான் செய்ததை மறுக்கவில்லை. அந்த ஃபோல்டர்களை நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மச்சான் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்பது சந்தேகம்தான். உங்கள் போனும் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று இப்போது கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ஈவாவோடு உங்களுக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு அவள் முகவரி கொடுங்கள். போன் எண் வேண்டாம் என்றால் மெயில் முகவரி. ஒரே ஒரு மெயில் எழுதுகிறேன். நான் அதைப் படிக்கவில்லை, வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை என்ற இரண்டு வரி போதும். அதற்குப் பிறகு அவள் திட்டினாலும் சரி, பதிலே போடாவிட்டாலும் சரி.

நான் நாளை பிடோக் வரவா? நேரில் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

சூசை


பிடோக்
16 அக்டோபர் 2025

சூசை,

வராதே. கதவைத் திறக்கமாட்டேன், அக்கம்பக்கத்தில் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

முகவரி தருகிறேன். சும்மா இல்லை. என் வீட்டுக்காரரின் முன்னூற்றுப் பதினொன்றையும் அந்தக் குவியலிலிருந்து எடுத்து, பழையபடி ஒரே ஃபோல்டரில் வை. ஒன்பது வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இருநூற்று ஆறு. எனக்கு இந்த வருஷம் கண்ணில் அறுவை செய்தார்கள், அவ்வளவு நேரம் திரையைப் பார்க்கக்கூடாது என்கிறார்கள். நான் கண்டுபிடித்தவை எவை என்று உனக்குச் சொல்லமாட்டேன். உன் கையாலேயே எல்லாவற்றையும் எடு. முடிந்ததும் எழுது, முகவரி வரும்.

அல்போன்சம்மாள்


17 அக்டோபர் 2025

அக்கா,

முடிந்தது. மச்சானின் கணக்கிலிருந்து வந்தவை, உங்கள் கணக்கிலிருந்து சனிக்கிழமைகளில் போனவற்றில் 'பாடல்' என்ற சொல் இருப்பவை, இரண்டையும் சேர்த்துத் தேடி எடுத்துவிட்டேன். 'பிலவேந்திரன்' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். முன்னூற்று நாற்பது வந்திருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருக்காது.

முகவரியை இன்றே அனுப்புங்கள்.

சூசை


17 அக்டோபர் 2025

சூசை,

திறந்து பார்த்தேன். அதில் நூற்று ஐம்பத்து மூன்று என்னுடையவை. ஒன்று கோழிக்குழம்பு டிக்கெட் விற்றது. 2009 பெரிய வியாழன் அன்று அவர் எழுதியது இல்லை, அது சனிக்கிழமையும் இல்லை, பாடல் என்ற சொல்லும் அதில் இல்லை.

ஒரே நாளில் முடித்திருக்கிறாய். உன்னைப் படிக்கச் சொன்னேன்.

அ.


புக்கிட் பாஞ்சாங்
2 நவம்பர் 2025

அக்கா,

இன்று கல்லறைத் திருநாள். நீங்கள் போய் வந்திருப்பீர்கள்.

பதினாறு நாளாகப் படிக்கிறேன். ஆபீஸில் விடுப்பு போட்டுவிட்டேன். 2003 ஜூனில் முதல் மெயிலிலிருந்து தொடங்கி, வரிசையாக, ஒன்றையும் விடாமல் படிக்கிறேன். இன்று 2010 வரை வந்திருக்கிறேன். மச்சான் 2014-ல் போகும்வரைக்கும் படித்தால் முடிந்துவிடும். இந்த வாரம் குழுவுக்கு வந்தவையெல்லாம் வழக்கம்போல அந்த மூலையில் போய் விழுந்துகொண்டிருக்கும், அதையும் பிறகு வரிசைப்படி படிப்பேன்.

உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மச்சானின் குரலை இப்போது எனக்கு மூன்று வரியில் தெரிந்துவிடுகிறது. 'வருகைப் பாடலைச் சுருதி குறைத்துப் பிடிக்கவும், போன வாரம் வானத்துச் சம்மனசுகளே காதைப் பொத்திக்கொண்டார்கள்' என்று ஒன்று. 'இதைத் தட்டச்சு செய்பவர் இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, ஆகவே எழுத்துப் பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல' என்று இன்னொன்று. அதற்கு அடுத்த வாரம், 'தட்டச்சு செய்பவர் பேசிவிட்டார், பிழை இல்லை' என்று வெறும் ஒரு வரி. நான் சத்தமாகச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

பிறகு 2009 பெரிய வியாழன் மெயிலைக் கண்டுபிடித்தேன். 'நம்மிடையே ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பிரிந்து இருக்கிறார். பெயர் வேண்டாம். கோவிலுக்கு வந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஆறுதல் ஒன்றும் சொல்லவேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். அந்த வாரம் நான்கைந்து பேர் என் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. இடம் இல்லையோ என்று எரிச்சல்பட்டேன். அந்த மெயில் எனக்கும்தான் வந்தது. அப்போது விதியும் எழுதவில்லை, சும்மாவே படிக்காமல் விட்டிருக்கிறேன்.

நீங்கள் என்னை ஏன் படிக்கச் சொன்னீர்கள் என்று புரிகிறது. தண்டனை என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

சூசை


புக்கிட் பாஞ்சாங்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முன்னூற்றுப் பதினொன்று. இன்று மதியம் முடித்தேன். மூன்று தடவை எண்ணிவிட்டேன். கடைசி மெயில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களிடம் சொல்லி எழுத வைத்தது, 'அடுத்த வாரப் பாடல்களை எலைஜா பார்த்துக்கொள்வார்' என்று மட்டும் இருக்கிறது. அதையும் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டேன். நீங்கள் தினமும் செய்கிற வேலை என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அக்கா. கேலி செய்ததற்கு வெட்கப்படுகிறேன்.

ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மறுபடி தேடித் தருகிறேன்.

ஈவாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டு வரி என்றேன், இப்போது ஒரு பக்கம் ஆகிவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள், பெர்த்திலா? நானே நேரில் போகலாமா என்றும் தோன்றுகிறது. பாஸ்போர்ட் இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் தம்பி
சூசை


பிடோக்
17 நவம்பர் 2025

சூசை,

பார்த்தேன். முன்னூற்றுப் பதினொன்றும் இருக்கின்றன. நேற்று மாலையிலிருந்து இன்று காலைவரை, கண் வைத்தியர் சொன்னதையும் மீறி, எல்லாவற்றையும் படித்தேன். நன்றி என்று ஒரு சொல் உண்டு, அதை இந்த இடத்தில் சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

ஈவா பெர்த்தில் இல்லை. இரண்டு வருஷமாக சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறாள், இயன்முறை மருத்துவர். தேக்கா பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டில் சாப்பாடு.

நேற்று முன்தினம் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நம் கோவிலில், காலை பத்தரைக்கு. மாப்பிள்ளை பெயர் ரித்திக், நல்ல பையன்.

ஒளித்துச் செய்யவில்லை. அவள் என்னிடம் உன் முகவரி கேட்டாள். குழுவுக்கே எழுதும்மா, அப்பா இன்னும் அதில்தான் இருக்கிறார் என்றேன். அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி எழுதினாள். தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கிறது. 'அப்பாவுக்கு முதல் வரிசையில் ஓர் இடம் வைத்திருக்கிறேன், முன்பு வராததைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன்' என்றும் எழுதியிருக்கிறாள். அன்று காலையிலேயே அனுமதித்தேன். உனக்கு வந்து சேர்ந்தது. நீ 2010-ல் இருந்தாய்.

உனக்கு வேலை கொடுத்தபோது கல்யாணத் தேதி எனக்குத் தெரியும். நீ கெட்டவனாகவே இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கல்லறைத் திருநாள் அன்று நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகும் பதின்மூன்று நாள் இருந்தன. ஒவ்வொரு நாளும் காலையில் போனை எடுத்தேன். அவன் இன்றைக்குள் அவள் மடலைப் படித்துவிட்டால் அவனுக்குக் கிடைக்கட்டும், படிக்காவிட்டால் என் பொறுப்பில்லை என்று நினைத்து, போனை வைத்தேன். வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலையில் அவளுக்கு மல்லிகை வாங்கும்போதுகூட நேரம் இருந்தது.

நற்செய்தி வாசிக்கும்வரை அந்த இடம் காலியாக இருந்தது. பிறகு பங்குத்தந்தை கண்ணைக் காட்டினார், அனிதா கட்டிக்கொண்டாளே, அந்த வெங்கட் வந்து உட்கார்ந்தார். அவளை வளர்த்தவர் அவர்தான். அவள் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாங்கியில் கதவைப் பார்த்த பிள்ளை இந்தமுறை கதவைப் பார்க்கவே இல்லை.

ஜெயித்ததுபோல இருக்கும் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் வருத்தமாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன், நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய்.

முகவரி கீழே இருக்கிறது. வாக்குக் கொடுத்தேன், கொடுத்துவிட்டேன். உன் ஒரு பக்கத்தை அனுப்புமுன் யோசி. இரண்டு தடவையும் மடல் உனக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியும். படிக்கவில்லை என்று சொன்னால், அது இன்னும் மோசமாக அவள் காதில் விழும்.

அல்போன்சம்மாள்


புக்கிட் பாஞ்சாங்
18 நவம்பர் 2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்ததும் அந்த மூலையைத் திறந்து ஈவாவின் மெயிலைப் படித்தேன். படித்ததாக ஏற்கெனவே குறித்திருந்தது.

ஈவாவுக்கு எழுதிய ஒரு பக்கத்தை அழித்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான். பெற்ற பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டதை நான் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்று எந்த வார்த்தையில் எழுதுவது? அவளைக் காத்திருக்க வைத்தேன் என்பதோடு போகட்டும்.

பிறகு 'பிலவேந்திரன்' ஃபோல்டரை அழித்தேன். ஃபோல்டரை மட்டும் அல்ல. மெயில்களை, இண்டெக்ஸை, சர்வரின் இரண்டு பழைய பிரதிகளையும். இனி எதைப் போட்டுத் தேடினாலும் வராது. குழுவில் யாராவது இருபது வருஷத்து மெயிலை அழிக்காமல் வைத்திருக்கக்கூடும், அறுநூற்று நாற்பது பேரிடமும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கண் அதுவரை தாங்கவேண்டும்.

2016-ல் தெரியாமல் செய்தேன். இந்தமுறை ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு வரி விடாமல் மறுபடி படித்துவிட்டுத்தான் அழித்தேன். நேற்று மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இன்று காலை பத்து மணிக்கு முடிந்தது. தட்டச்சு செய்பவர் பேசிவிட்டார் என்ற மெயிலைக் கடைசியாக வைத்திருந்தேன். அழிக்கவா வேண்டாமா என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழித்தேன்.

குழுவின் பொறுப்பைப் பேரவையிடம் ஒப்படைத்துவிட்டேன். டிசம்பர்வரை உங்கள் அனுமதி வேலையை வேறு யாராவது பார்ப்பார்கள். நீங்கள் இனி எனக்கு எழுதவேண்டியதில்லை, ஒன்றைத் தவிர.

சனிக்கிழமை அவள் கவுன் போட்டிருந்தாளா, புடவை கட்டியிருந்தாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

சூசை